வசதியில் சமமானவரா, மேலானவரா, குறைந்தவரா? துணையைத் தேர்ந்தெடுக்கும் முன் ஓர் ஒப்பீடு

ஒருவரைப் பிடித்துப்போவதற்கும் அவரையே மணந்துகொள்வது என்று முடிவெடுப்பதற்கும் நடுவில் பணத்தைப் பற்றிய ஒரு கணக்கு எல்லோர் மனத்திலும் ஓடத்தான் செய்கிறது. வாய்விட்டுச் சொன்னால் பேராசைக்காரர் என்று பெயர் வந்துவிடுமோ என்று தயங்கிப் பெரும்பாலோர் அதை மனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். மனத்துக்குள் போடும் கணக்கை வேறொருவர் சரிபார்க்க முடியாது. அதனால்தான் அது அடிக்கடி தப்பாகிறது. நம்மோடு ஒத்த வசதியும் அந்தஸ்தும் உள்ளவரை மணப்பதா, நம்மைவிட வசதியானவரையா, நம்மைவிடக் குறைந்த வசதியுள்ளவரையா என்ற மூன்று வழிகளையும் அருகருகே வைத்து, எதில் என்ன இடர் இருக்கிறது, எது யாருக்குப் பொருந்தும் என்று இங்கே பார்க்கலாம். மேல், கீழ் என்று நான் எழுதுமிடமெல்லாம் பணத்தையும் சமூகத்தில் கிடைக்கும் மதிப்பையும் மட்டுமே குறிக்கிறேன்; ஆளின் தரத்தை அல்ல.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் யாரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று யோசிக்கத் தொடங்குவதற்கு முன்பே, யாரைச் சந்திக்கப்போகிறோம் என்பதைப் பணமும் அந்தஸ்தும் பெருமளவு முடிவு செய்துவிடுகின்றன. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகள் தங்களுக்கு ஏற்ற வரன்களைச் சந்திப்பதற்காகவே லண்டனில் ஆண்டுதோறும் விருந்துகளும் நடன நிகழ்ச்சிகளும் நடந்துவந்தன. 1861இல் விக்டோரியா அரசியின் தாயும், அதே ஆண்டின் இறுதியில் கணவர் ஆல்பர்ட்டும் இறந்தார்கள். அந்தத் துக்கத்தால் 1861 முதல் 1863 வரை அந்த நிகழ்ச்சிகள் தடைபட்டன. அப்போது மணவயதில் இருந்த பிரபுக் குடும்பத்துப் பெண்கள், பிரபுப் பட்டம் இல்லாத குடும்பத்து ஆண்களை மணப்பது கூடியது என்று பொருளியலாளர் மார்க் கோனி ஆராய்ந்து காட்டியிருக்கிறார். மூன்று ஆண்டுகளில் அந்தப் பெண்களின் விருப்பம் தலைகீழாக மாறியிருக்க வாய்ப்பில்லை. கண்முன் வந்து நின்றவர்கள்தான் மாறியிருந்தார்கள். இன்று அந்த வேலையைக் கல்லூரியும், அலுவலகமும், குடியிருக்கும் பகுதியும், கைப்பேசிச் செயலிகளும் செய்கின்றன. அமெரிக்காவில் 2017இல் இணைந்த ஆண் பெண் இணைகளில் சுமார் 39 சதவீதத்தினர் இணையம் வழியாகவே சந்தித்தவர்கள். செயலியில் எல்லோரும் எல்லோரையும் பார்க்க முடியும் என்று தோன்றினாலும், படிப்பு, வேலை, புகைப்படத்தின் பின்னணி ஆகியவை அங்கும் சல்லடையாக வேலை செய்கின்றன. அமெரிக்காவின் நான்கு பெருநகரங்களில் இணையவழித் துணை தேடுபவர்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், மற்றவர்களால் எவ்வளவு நாடப்படுகிறார்கள் என்ற அளவில் தங்களைவிடச் சுமார் 25 சதவீதம் மேலே இருப்பவர்களுக்கே சராசரியாக எல்லோரும் செய்தி அனுப்புவது தெரியவந்தது. ஆக, மேலே பார்ப்பது மனித இயல்பு. அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் செய்தி அனுப்புவதற்குப் போதுமான காரணம், சேர்ந்து வாழ்வதற்குப் போதுமானதாக இருப்பதில்லை.

ஒப்பிடுவதற்கு முன், ‘வசதி’ என்று நாம் ஒரே சொல்லில் அடக்கிவிடுவதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவரின் இன்றைய சம்பளம் ஒன்று, அவருடைய குடும்பத்தின் சொத்தும் கடனும் வேறொன்று, பணத்தை எப்படிக் கையாளும் வீட்டில் அவர் வளர்ந்தார் என்பது மூன்றாவது. சம்பளம் ஓர் ஆண்டில் மாறிவிடலாம். குடும்பத்துச் சொத்து கைக்கு வரலாம், வராமலும் போகலாம். கடன் மட்டும் தவறாமல் வந்து சேரும். வளர்ந்த விதமோ வாழ்நாள் முழுவதும் கூடவே வருகிறது. துணை தேடும்போது பலர் முதலாவதைத்தான் விசாரிக்கிறார்கள். என் கணிப்பில் மூன்றாவதுதான் அன்றாடச் சச்சரவுகளுக்கு வேர். இரண்டாவது, அதிலும் சொல்லப்படாத கடன், திடீர் அதிர்ச்சிகளுக்கு வேர்.

சமமானவரை மணப்பதே பாதுகாப்பானது என்பது பரவலான அறிவுரை. இதற்கு எதிரான ஒரு வாதத்தைப் பொருளியலாளர் கேரி பெக்கர் 1973இல் முன்வைத்தார்: ஒருவர் வெளியே சம்பாதித்து மற்றவர் வீட்டைக் கவனித்துக்கொண்டால் வேலைப்பிரிவினையால் இருவருக்கும் ஆதாயம் என்பதால், கூலி அதிகம் பெறக்கூடியவர் கூலி குறைவாகப் பெறக்கூடியவரோடு சேர்வதே இலாபம் என்பது அதன் சாரம். படிப்பு, அறிவு போன்றவற்றில் ஒத்தவர்கள் ஒத்தவர்களோடு சேர்வார்கள் என்றும் அவரே சொன்னார். நடைமுறையில் பல நாடுகளில் படித்தவர் படித்தவரையும், நன்றாகச் சம்பாதிப்பவர் நன்றாகச் சம்பாதிப்பவரையும் மணப்பதே அதிகம். இருவரும் வேலைக்குப் போகும் காலத்தில் இது எதிர்பார்க்கக்கூடியதுதான். சமமான இணையில் செலவு செய்ய யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நண்பர்களோடு வெளியே போனால் ஒருவர் தயங்க, மற்றவர் சமாளிக்க என்ற நிலை வராது. இரு குடும்பங்களும் ஒருவரையொருவர் அளந்துகொண்டே இருப்பதும் குறைவு.

ஆனால் சமம் என்பதற்குள்ளும் பள்ளம் உண்டு. இருவரும் ஒரே துறையில் இருந்தால், அந்தத் துறை சரியும்போது இரண்டு சம்பளமும் ஒரே மாதத்தில் நின்றுவிடலாம். இரண்டு சம்பளத்தையும் நம்பி வாங்கிய வீட்டுக் கடன், குழந்தை பிறந்து ஒருவர் வேலையை விட நேரும்போது குடும்பத்தின் கழுத்தை இறுக்கும். அதைவிட முக்கியமானது, இன்றைய சம்பளம் சமமாக இருந்தும் வளர்ந்த வீடு வேறாக இருப்பது. சமூகவியலாளர் ஜெஸ்ஸி ஸ்ட்ரீப் அமெரிக்காவில் இப்படிப்பட்ட தம்பதியரைத் தேடிப் பேசினார். இருவருமே கல்லூரியில் படித்தவர்கள். ஒருவர் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர், மற்றவர் வசதியான நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தவர். மணமாகிப் பல ஆண்டுகள் கழிந்த பிறகும், வசதியான வீட்டில் வளர்ந்தவர்கள் பணம், நேரம், பிள்ளை வளர்ப்பு ஆகிய எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிட விரும்புவதையும், தொழிலாளர் வீட்டில் வளர்ந்தவர்கள் வருவதை வந்தபடி எதிர்கொள்ள விரும்புவதையும் அவர் கண்டார். ஒருவர் ஓய்வுக்காலச் சேமிப்பைப் பற்றிப் பேச, மற்றவருக்கு அது இன்றைய வாழ்க்கையைப் பறிப்பதாகத் தோன்றும். இருவரிடமும் தப்பில்லை. சேமித்ததை யாராவது வந்து கேட்டுப் பறித்துக்கொண்டு போகும் வீட்டில் வளர்ந்தவருக்குக் கையில் இருக்கும்போதே செலவு செய்துவிடுவது புத்திசாலித்தனம். அடுத்த மாதம் உறுதியாக வரும் என்று தெரிந்த வீட்டில் வளர்ந்தவருக்குச் சேமிப்பது புத்திசாலித்தனம். எனவே சமமானவரைத் தேடுபவர்கள் சம்பளச் சீட்டை ஒப்பிடுவதோடு நின்றுவிட்டால், ஒப்பிட வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் ஒப்பிட்டிருப்பார்கள்.

நம்மைவிட வசதியானவரை மணப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இதில் கிடைக்கும் நன்மைகள் கண்ணுக்குத் தெரிபவை, கொடுக்கும் விலை கண்ணுக்குத் தெரியாதது. நல்ல மருத்துவம், பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு, கஷ்டத்தில் கைகொடுக்க ஒரு குடும்பம், வேலை வாய்ப்புகளுக்கு வழிகாட்டும் தொடர்புகள் ஆகிய எல்லாம் உண்மையான நன்மைகள்தான். வறுமையில் வளர்ந்த ஒருவர் இவற்றை விரும்பினால் அதைக் கேவலமாகப் பேசுபவர்கள் வறுமையை அறியாதவர்கள். ஆனால் டேட்டிங் காலத்திலேயே இதன் விலை மெல்லத் தலைகாட்டும். உணவகத்தில் பட்டியலைத் திறந்தவுடன் ஒருவரின் கண் இடப்பக்கம் உணவின் பெயரில் நிற்கும், மற்றவரின் கண் வலப்பக்கம் விலையில் நிற்கும். வசதியானவர் ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிடுவார், அது அன்புதான். சில முறை இப்படி நடந்த பிறகு, எங்கே போவது, எப்போது போவது, யாரோடு போவது என்பதையும் அவரே தீர்மானிக்கத் தொடங்கியிருப்பார். மற்றவர் வேறு இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு தலையாட்டியிருப்பார். இருவருமே இதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

திருமணத்துக்குப் பிறகு இதே வழக்கம் வீட்டுக்குள் வருகிறது. கணவருடைய வருமானத்தில் வாழும் ஒரு பெண் தன் தாயின் கண் பரிசோதனைக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கேட்டால் கணவர் கொடுத்துவிடுவார் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் எந்த நேரத்தில் கேட்பது, எதிலிருந்து பேச்சைத் தொடங்குவது, போன முறை கேட்டு எத்தனை நாளாயிற்று என்று காலையிலிருந்து அவர் மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார். பணம் கிடைத்துவிடும். அந்த ஒத்திகைக்கு ஈடு கிடையாது. மனைவியின் சொத்தை நம்பி வாழும் கணவருக்கும் இதே நிலைதான்; வெளியே சொல்ல இன்னும் கூச்சப்படுவார் என்பதுதான் வித்தியாசம். இங்கே அச்சப்பட வேண்டியது கஞ்சத்தனத்துக்கு அல்ல, சொல்லிக்காட்டுவதற்கு. தாராளமாகக் கொடுத்துவிட்டுச் சண்டையின்போது ‘நீ வந்தபோது என்ன கொண்டுவந்தாய்’ என்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு கொடுக்கும் எதுவும் கொடையாகத் தெரியாது.

பணம் யார் கையில் இருக்கிறது என்பது வெறும் மனவருத்தம் சார்ந்த விஷயம் மட்டுமல்ல, வீட்டின் செலவையே மாற்றக்கூடியது. பிரிட்டனில் குழந்தைகளுக்காகத் தந்தையின் சம்பளத்தில் வரிச் சலுகையாகக் கிடைத்துவந்த தொகை, 1970களின் பிற்பகுதியில் தாயின் கையில் நேரடியாகக் கிடைக்கும் உதவித்தொகையாக மாற்றப்பட்டது. அதற்குப் பிறகு, ஆண்களின் உடைகளுக்கான செலவோடு ஒப்பிடும்போது பெண்களின் உடைகளுக்கும் குழந்தைகளின் உடைகளுக்குமான செலவு கூடியதை ஷெல்லி லண்ட்பெர்க், ராபர்ட் போலாக், டெரன்ஸ் வேல்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் 1997இல் காட்டினார்கள். பணம் நுழைந்த வாசல் மாறியதால் செலவும் மாறியது. ஆகவே வசதியானவரை மணக்க நினைப்பவர் ‘அவர் எனக்குச் செலவு செய்வாரா’ என்று பார்ப்பதைவிட, ‘கேட்காமலே எடுக்கக்கூடிய பணம் எனக்கென்று இருக்குமா, பெரிய முடிவுகளில் என் சொல் எடுபடுமா’ என்று பார்ப்பது நல்லது. அவரும் அவர் பெற்றோரும் வீட்டில் வேலை செய்பவர்களிடமும், வசதி குறைந்த உறவினர்களிடமும் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக் கவனித்தால் இதற்குப் பாதி விடை கிடைத்துவிடும். வருங்காலத்தில் சண்டையின்போது உங்களிடம் வரப்போகும் குரல் அதுதான்.

நம்மைவிடக் குறைந்த வசதியுள்ளவரை மணப்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரேமாதிரி இருப்பதில்லை. உளவியலாளர் டேவிட் பஸ் 37 பண்பாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 1989இல் வெளியிட்ட ஆய்வில், துணையின் பொருளாதார எதிர்காலத்துக்குப் பெண்கள் ஆண்களைவிட அதிக மதிப்பளிப்பது கிட்டத்தட்ட எல்லா இடங்களிலும் காணப்பட்டது. இதைக் காட்டிப் பெண்கள் பணத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று பேசுபவர்கள் அதே ஆய்வின் மறுபக்கத்தை விட்டுவிடுகிறார்கள்: அன்பும் நம்பகமான குணமும்தான் இருபாலாரின் பட்டியலிலும் முன்னே நின்றன. அந்தத் தரவுகளை 1999இல் மீண்டும் ஆராய்ந்த உளவியலாளர்கள் ஆலிஸ் ஈக்லியும் வெண்டி வுட்டும், ஆண் பெண் சமத்துவம் கூடிய நாடுகளில் இந்த வேறுபாடு சுருங்குவதைக் காட்டினார்கள். சம்பாதிக்கும் வழி தனக்கே இல்லாதபோது துணையின் சம்பாத்தியத்தைப் பார்ப்பது பிழைப்புக்கான அறிவு. தன் காலில் நிற்க முடிந்தால் அந்தத் தேவை தானே குறைகிறது.

மனைவி அதிகம் சம்பாதித்தால் குடும்பம் நிலைக்காது என்ற பேச்சுக்கும் இன்று வலு குறைந்திருக்கிறது. அமெரிக்கத் தம்பதியரில் மனைவியின் பங்கு குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டும் இடத்தில் இணைகளின் எண்ணிக்கை சட்டென்று குறைவதை 2015இல் ஓர் ஆய்வு காட்டியது உண்மைதான். பின்னர் பின்லாந்துத் தரவுகளை ஆராய்ந்தவர்கள், சேர்ந்து தொழில் செய்யும் தம்பதியர் சமமான வருமானம் காட்டுவதே அந்தச் சரிவுக்குப் பெரும் காரணம் என்றார்கள். அமெரிக்காவில் 1960களிலும் 1970களிலும் மணந்தவர்களிடையே மனைவியின் வருமானம் கணவருடையதைத் தாண்டினால் மணமுறிவு கூடியது. 1990களில் மணந்தவர்களிடையே அந்தத் தொடர்பைக் காண முடியவில்லை. அதேசமயம், சமூகவியலாளர் அலெக்ஸாண்ட்ரா கில்வால்ட் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1975க்குப் பிறகு மணந்த அமெரிக்கர்களில் கணவருக்கு முழுநேர வேலை இல்லாமல் போவது மணமுறிவுக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, குறைவாகச் சம்பாதிக்கும் ஆணை மணக்கும் பெண் சம்பள இடைவெளியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். அவர் பார்க்க வேண்டியது வேறு. தன் சம்பள உயர்வைச் சொல்லும்போது அந்த ஆணின் முகம் மலர்கிறதா, பேச்சை மாற்றுகிறாரா? வீட்டு வேலையைப் பங்கிட்டுக்கொள்வாரா? அதிகம் சம்பாதித்துக்கொண்டு வீட்டு வேலையையும் முழுவதும் தானே சுமக்கும் பெண்ணுக்கு அந்தத் திருமணத்தில் கிடைப்பது இரட்டைச் சுமைதான்.

வசதி குறைந்தவரை மணக்கும் எவருக்கும், ஆணோ பெண்ணோ, இன்னொரு கேள்வி உண்டு. துணை தன் பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டியிருக்கலாம். அது குறையல்ல, பெற்றவர்களைக் கைவிடாதவர் துணையையும் எளிதில் கைவிட மாட்டார். ஆனால் அந்தப் பொறுப்பு எவ்வளவு, எதுவரை என்பது முன்பே தெரிந்திருந்தால் அது குடும்பச் செலவுகளில் ஒன்றாக இருக்கும். பின்னால் தெரியவந்தால் ஏமாற்றமாக மாறும்.

இருவருக்கும் ஒரு நிலையான வருமானம் வரும்வரை காத்திருப்பது என்று நான்காவது வழியும் இருக்கிறது. வேலை கிடைத்தும் அது நிலைக்குமா என்ற சந்தேகம் திருமணத்தைத் தள்ளிப்போட வைக்கிறது என்று சமூகவியலாளர் வலெரி ஓப்பன்ஹைமர் 1988லேயே விளக்கினார். எதில் நிலைத்தன்மை வேண்டும் என்று தெளிவாக இருந்தால் காத்திருப்பதில் பொருள் இருக்கிறது: வட்டி அதிகமுள்ள கடனை அடைக்க, படிப்பை முடிக்க, சில மாதச் செலவுக்குக் கையிருப்பு சேர்க்க. ‘எல்லாம் சரியானதும்’ என்று காத்திருப்பது முடிவெடுக்காமல் இருப்பதற்கான பெயர்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் பணத்தை எப்படி வைத்துக்கொள்வது என்ற கேள்வி வரும். மணம் நிச்சயமானவர்களும் புதிதாக மணந்தவர்களுமாக 230 இணைகளைச் சீட்டுக் குலுக்கியதுபோல் பிரித்து, ஒரு பகுதியினரைக் கூட்டு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளவும், ஒரு பகுதியினரைத் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ளவும் சொல்லி, இன்னொரு பகுதியினரை அவர்கள் விருப்பப்படி விட்டு, இரண்டு ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. கூட்டுக் கணக்கு வைத்தவர்களின் உறவு மற்றவர்களுடையதைவிட நன்றாக நிலைத்திருந்தது. வருமானம் சமமாக உள்ளவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வருமான இடைவெளி பெரிதாக இருந்தால், கூட்டுக் கணக்கோடு ஒவ்வொருவருக்கும் ஒரே அளவு தொகை தனிக் கணக்கில் விழும்படி செய்வது நல்லது. அந்தத் தொகைக்கு யாரும் யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. முழுக்கத் தனித்தனியாக வைத்துச் செலவைப் பாதிப்பாதியாகப் பிரிப்பது பார்க்க நியாயமாக இருக்கும். ஆனால் ஒருவர் மற்றவரைப்போல் மூன்று மடங்கு சம்பாதிக்கும் வீட்டில், குறைவாகச் சம்பாதிப்பவரிடம் மாத இறுதியில் எதுவும் மிஞ்சாது. சட்டமும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது: பிரான்சில் வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் திருமணத்துக்குப் பிறகு சம்பாதித்தது இருவருக்கும் பொது, இங்கிலாந்தில் திருமணத்துக்கு முன் செய்துகொண்ட சொத்து ஒப்பந்தத்துக்கு உச்ச நீதிமன்றம் 2010இல் ஒரு வழக்கில் பெரும் மதிப்பளித்தது. தாங்கள் வாழும் இடத்தின் சட்டம் என்ன சொல்கிறது என்று மணத்துக்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு வைத்துக்கொள்வது அவநம்பிக்கை ஆகாது.

திருமணச் செலவைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் 3,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2015இல் வெளியான ஓர் ஆய்வில், மோதிரத்துக்கும் விழாவுக்கும் அதிகம் செலவிட்டவர்களின் திருமணங்கள் குறைந்த காலமே நீடிக்கும் போக்கு தெரிந்தது; அதேசமயம் விருந்தினர் எண்ணிக்கை கூடியிருந்தால் திருமணம் நீடிக்கும் போக்கும் தெரிந்தது. இதைக் காரணம், விளைவு என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தஸ்தைக் காட்டுவதற்காகக் கடன் வாங்கித் தொடங்கும் இல்லறத்தில், முதல் ஆண்டின் சண்டைகள் அந்தக் கடனைப் பற்றியவையாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

இனி என் முடிவு. பணத்தைப் பற்றி வாய்திறந்து பேச இருவருக்குமே வராது என்றால், வளர்ந்த விதத்திலும் வருமானத்திலும் ஒத்தவரைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. பேசாமலே ஓரளவு ஒத்துப்போகக்கூடிய வழி அது ஒன்றுதான். பேச முடியும் என்றால், வருமானத்தில் எவ்வளவு இடைவெளி இருந்தாலும் செலவுப் பழக்கம் ஒத்தவரை, வருமானம் ஒத்தும் பழக்கம் ஒவ்வாதவரைவிட மேலாக மதிப்பேன். அமெரிக்கத் தம்பதியர் எதெதற்கெல்லாம் கருத்து வேறுபட்டார்கள் என்று கேட்டுப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், வீட்டு வேலை, உறவினர், சேர்ந்து செலவிடும் நேரம் ஆகியவற்றைவிடப் பணத்தைப் பற்றிய சச்சரவே மணமுறிவை அதிகமாக முன்கூட்டிக் காட்டியது. பணம் குறைவாக இருப்பதும் பணத்துக்காகச் சண்டையிடுவதும் ஒன்றல்ல.

ஏற்கெனவே ஒருவரை நேசித்துவிட்டு, வசதியில் இடைவெளி இருக்கிறதே என்று தவிப்பவர்களுக்கு இந்த ஒப்பீட்டில் பயன்படக்கூடியது ஒரே ஓர் உரையாடல். வருமானம், கடன், பெற்றோருக்கான பொறுப்பு, பிள்ளை பிறந்தால் யார் வேலையைக் குறைத்துக்கொள்வது, குறைத்துக்கொள்பவருக்குப் பணம் எப்படி வரும் ஆகியவற்றைத் தேதி குறிப்பதற்கு முன் பேசியாக வேண்டும். அந்தப் பேச்சை வசதியானவர்தான் தொடங்க வேண்டும். வசதி குறைந்தவர் கேட்டால் அது ஆசையாகத் தெரியும் என்ற அச்சம் அவர் வாயை அடைத்துவிடும். வசதியானவர் தன் கணக்கை முதலில் திறந்து வைத்தால் அந்த அச்சம் போய்விடும். அவர் தானாகத் தொடங்கவில்லை என்றால் ஒரு முறை நேரடியாகக் கேட்டுவிடலாம். ‘அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால் திருமணத் தேதியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.